தோவாளைப் பூவும் லாட்ஜ் ரூமும்: சீசனில் வாடகை ஏன் ஏறுகிறது?

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் சித்தி போன் செய்தார். லண்டனில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க ஜூலையில் போகலாம் என்று யோசனை. மகன் இருப்பது நாலு பையன்கள் சேர்ந்து எடுத்த வீடு. சித்தியும் சித்தப்பாவும் அங்கே தங்க முடியாது. பத்து நாளைக்கு ஒரு சின்ன ஹோட்டலில் ரூம் போட வேண்டும். பிப்ரவரி தேதி போட்டுப் பார்த்தபோது இருந்த வாடகை, ஜூலை தேதி போட்டதும் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. "அதே ரூம்தானே மக்கா? கட்டிலை மாத்திட்டானா, இல்லை சுவரை மாத்திட்டானா? எதுக்கு இவ்வளவு காசு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கல்லூரி முடித்த கையோடு இரண்டு வருடம் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தவன் நான். இதே கேள்வியை டிசம்பரிலும் மே மாதத்திலும் தினம் பத்துப் பேர் என்னிடம் கேட்பார்கள். "சீசன் சார்" என்பேன். அதற்கு மேல் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரியாது. அதன் பிறகு படித்தும் பார்த்தும் விளங்கிக்கொண்டதைச் சித்திக்குச் சொன்னேன். அதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

லண்டனை அப்புறம் பார்ப்போம். முதலில் எங்கள் குமரி மாவட்டத்துத் தோவாளைக்குப் போவோம். விடியுமுன்னே அந்தப் பூச்சந்தைக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும்: சாதாரண நாளில் கிலோ சில நூறு ரூபாய்க்குப் போகிற பிச்சியும் மல்லியும் பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஓணத்துக்குக் கேரளத்து வியாபாரிகள் வந்து இறங்கினால் கேட்கவே வேண்டாம். செடி அதேதான், பறித்த கையும் அதேதான். அன்றைக்குப் பூ வேண்டும் என்று வந்து நிற்கிற ஆட்களின் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது.

பூவுக்கு ஒரு சங்கடம் உண்டு. நெல்லைப் பத்தாயத்தில் போட்டு வைக்கலாம். தேங்காயைக் குவித்து வைத்து, விலை வரும்போது விற்கலாம். போன வாரம் மிஞ்சிய பிச்சியை இந்த வார முகூர்த்தத்துக்கு எடுத்து வைக்க முடியாது. மொட்டு விரிந்து வாடினால் அதோடு சரி. நாளைக்கு முகூர்த்தம் என்று செடியிடம் சொல்லி, ஒரே இரவில் இரண்டு மடங்கு மொட்டு வைக்கச் செய்யவும் முடியாது.

ஹோட்டல் ரூமும் இதே ஜாதிச் சரக்குதான். பார்வைக்குச் செங்கலும் சிமென்ட்டும் கட்டிலும் மெத்தையுமாக நிலையாக நிற்கிறது. ஆனால் ஹோட்டல்காரர் நமக்கு விற்பது ஓர் இரவை. ஜூலை 12ஆம் தேதி இரவு ஒரு ரூம் காலியாகக் கிடந்தால், விடிந்ததும் அந்த இரவு வாடிய பூ. செப்டம்பரில் காலியாகக் கிடந்த முப்பது இரவுகளைச் சேர்த்து வைத்து டிசம்பர் 31ஆம் தேதிக்கு விற்க வழியே கிடையாது. கூட்டம் வருகிறது என்று ஒரு மாடி கூட்டிக் கட்டவும் முடியாது. நிலம், அனுமதி, கடன், கட்டுமானம் என்று ஒரு புது ஹோட்டல் திறக்க வருடக்கணக்கில் ஆகும். ஆக, ஊரில் இருக்கிற ரூம் இவ்வளவுதான் என்பது அன்றைக்கு முடிந்துபோன கணக்கு. கேட்டு வருகிறவர்கள் மட்டும் நாளுக்கு நாள் கூடுவார்கள், குறைவார்கள். அசையக்கூடியது விலை ஒன்றுதான், அது அசைகிறது.

மீன் விலையோடு இதைச் சிலர் ஒப்பிடுவார்கள். அது கொஞ்சம் வேறு. கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். சாப்பிடுகிற ஆட்கள் அதே அளவுதான், வருகிற மீன் குறைந்துவிட்டது. அதனால் விலை ஏறுகிறது. ரூம் விஷயத்தில் இதைத் திருப்பிப் போட வேண்டும். ரூம் குறையவில்லை, ஆட்கள் கூடிவிட்டார்கள். இரண்டிலும் முடிவு ஒன்றாகத் தெரிவதால் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

சரி, விலையை ஏற்றாமல் விட்டால் என்ன? அதையும் கன்னியாகுமரியிலேயே கண்ணால் பார்க்கலாம். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகை அரசு நிறுவனமான பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் ஓட்டுகிறது. சீசன் வந்துவிட்டது என்று அங்கே சாதாரண டிக்கெட் விலை நாளுக்கு நாள் ஏறாது. ஆனால் டிசம்பர் கடைசி வாரம் காலையில் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். வரிசை படகுத்துறையை விட்டு வெளியே வந்து, தெருவில் வளைந்து நிற்கும். கைக்குழந்தையோடு இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் நிற்பவர்களைப் பார்க்கலாம். 2024 டிசம்பர் 30ஆம் தேதி பாறைக்கும் 133 அடி திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். அதைப் பார்க்கவும் இப்போது கூட்டம் வருகிறது. படகில் ஏற்றக்கூடிய ஆட்கள் இவ்வளவு பேர்தான். டிக்கெட் விலை நிற்கிற இடத்திலேயே நிற்பதால் வரிசை நீளுகிறது. நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்களா, ஒரு காலைப்பொழுதைக் கேட்கிறார்களா என்பதுதான் வித்தியாசம். படகைப் பொறுத்தவரை வரிசைதான் நல்லது என்று நான் நினைக்கிறேன். காசில்லாதவரும் பாறைக்குப் போய்விட்டு வரட்டும். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குப் பெட்டியோடும் குழந்தையோடும் வருகிறவரை ரூமுக்காக வரிசையில் நிற்க வைக்க முடியுமா? வாடகையை மாற்றாமல் வைத்திருக்கிற தங்கும் இடங்களில் நடப்பது வேறு. வெகு நாள் முன்பே அத்தனை ரூமும் பதிவாகி முடிந்திருக்கும். அங்கேயும் வரிசை உண்டு. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இனி ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் போவோம். நான் வேலை பார்த்த லாட்ஜில் என் தலைக்கு மேலே ஒரு ஒட்டுப்பலகை, அதில் இருபத்திரண்டு ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு சாவி, சாவியோடு நம்பர் வெட்டிய பித்தளை வில்லை. மேனேஜர் அண்ணாச்சி சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவார். என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்; அந்தப் பலகையைத்தான் முதலில் பார்ப்பார். அப்புறம் வாசலில் நின்று தெருவை ஒரு நோட்டம் விடுவார். எத்தனை டூரிஸ்ட் வேன், எந்த ஊர்ப் பதிவு எண், குடும்பமா சாமிமாரா, எல்லாம் மனதில் ஏறிவிடும். திரும்பி வந்து எனக்கு அன்றைய உத்தரவு சொல்வார். "ஏழு மணிக்கும் எட்டு சாவி தொங்குனா, போர்டு ரேட்டைப் பார்க்காம, வர்றவங்க கேட்ட விலைக்குக் கொஞ்சம் மேலே குடுத்துரு தம்பி. ரெண்டுதான் தொங்குதுன்னா போர்டுல போட்ட ரேட்டுல இருந்து இறங்காதே." கடல் பார்த்த ரூம்களின் சாவிகளை மட்டும் அவர் தன் மேசை டிராயரில் வைத்துக்கொள்வார். கிழக்கே கடலைப் பார்த்த ஜன்னல் எங்களிடம் ஆறுதான். கட்டிலில் இருந்தபடியே சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களோ அறுபது பேர்.

அண்ணாச்சி செய்ததற்குப் பெரிய ஹோட்டல் துறையில் 'ரெவின்யூ மேனேஜ்மென்ட்' என்று பெயர். விடிந்தால் வாடிவிடும் சரக்கை எந்த நாளில், யாருக்கு, என்ன விலைக்குக் கொடுத்தால் மொத்த வருமானம் கூடும் என்று கணக்குப் போடுவது. இதை முதலில் பெரிய அளவில் செய்தவர்கள் விமானக் கம்பெனிக்காரர்கள். அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. போட்டி கடுமையானது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1980களில் கம்ப்யூட்டரை வைத்து, முன்கூட்டியே எடுப்பவர்களுக்குக் குறைந்த விலையும் கடைசி நேரத்தில் வருகிறவர்களுக்குக் கூடின விலையுமாக ஒரே விமானத்தின் சீட்டுகளைப் பிரித்து விற்கக் கற்றுக்கொண்டது. அதைப் பார்த்து மாரியட் போன்ற ஹோட்டல் நிறுவனங்களும் பின்பற்றின. விமான சீட்டும் பறந்து போனால் போனதுதானே? அதுவும் பூ ஜாதிதான். வளைகுடாவில் ஆள் இருக்கிற குமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அங்கே ஜூலையில் பள்ளிக்கூடம் அடைத்ததும் திருவனந்தபுரத்துக்கு வரும் விமான டிக்கெட் எங்கே போய் நிற்கும் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

இன்றைக்கு பெரிய நகரத்து ஹோட்டல்களில் சாவிப் பலகையின் வேலையை மென்பொருள் செய்கிறது. ஜூலை 12க்கு இதுவரை எத்தனை ரூம் பதிவாகியிருக்கிறது, போன வருடம் இதே நேரத்தில் எத்தனை ஆகியிருந்தது, பக்கத்து ஹோட்டல் என்ன விலை போட்டிருக்கிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். வழக்கத்தைவிட வேகமாக நிறைந்தால் விலையை ஏற்றும், மந்தமாக இருந்தால் இறக்கும். காலையில் பார்த்த விலை சாயங்காலம் மாறியிருப்பது இதனால்தான். அண்ணாச்சி தெருவை எட்டிப் பார்த்ததைத்தான் அதுவும் செய்கிறது. அதன் தெரு கொஞ்சம் பெரிது.

அடுத்து எல்லோரும் கேட்பது: சீசனில் இப்படி வாங்கினால் கொள்ளை லாபம்தானே? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது புரிவதற்காக நான் போடும் கணக்கு, எந்த லாட்ஜின் உண்மைக் கணக்கும் இல்லை. இருபது ரூம் உள்ள ஒரு லாட்ஜ். வங்கி வட்டி, சம்பளம், சொத்து வரி, மராமத்து என்று ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு மாதம் 3 லட்சம், வருடத்துக்கு 36 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆள் வந்தால் மட்டும் ஆகிற செலவு, அதாவது விரிப்பு துவைக்க, சோப்பு, தண்ணீர், ஏசி கரண்ட் எல்லாம் சேர்த்து ஒரு இரவுக்கு 250 ரூபாய். வருடத்தில் 100 நாள் சீசன், அன்றைக்குப் பதினெட்டு ரூம் நிறையும். மீதி 265 நாள் சராசரியாக ஆறு ரூம்தான் நிறையும். அப்படியானால் சீசனில் 1,800 இரவு, மற்ற நாளில் 1,590 இரவு, ஆக மொத்தம் 3,390 இரவு விற்கிறது.

வருடம் முழுக்க ஒரே வாடகை வாங்கினால், நட்டம் இல்லாமல் இருக்கவே ஏறக்குறைய 1,312 ரூபாய் வாங்க வேண்டும். ஆனால் ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை 1,312 ரூபாய் கொடுக்க யார் இருக்கிறார்கள்? பக்கத்து லாட்ஜில் 800க்குக் கொடுப்பான். நாமும் 800க்கு இறங்கினால் ஒரு இரவுக்கு 550 ரூபாய் கையில் நிற்கும். 1,590 இரவுக்கு 8,74,500. வருடச் செலவில் மீதி 27 லட்சத்துச் சொச்சத்தை அந்த நூறு சீசன் நாட்களில்தான் எடுத்தாக வேண்டும். கணக்குப் போட்டால் சீசன் வாடகை 1,764 ரூபாய் வருகிறது. அதுவும் முதலாளிக்கு ஒரு பைசா லாபம் இல்லாமல். 250 ரூபாய்தான் செலவாகிற ரூமுக்கு 1,764 வாங்குகிறான் என்று டிசம்பரில் வருகிறவருக்குத் தோன்றும். அவர் பார்க்காத ஆகஸ்ட் மாதம் ஒன்று இருக்கிறது. காலி வராந்தா, மடித்து அடுக்கிய விரிப்புகள், கடல் கொந்தளிப்பால் படகு நின்று, வந்த ஒன்றிரண்டு பேரும் மத்தியானமே நாகர்கோவிலுக்கு பஸ் ஏறும் நாட்கள். எனக்குச் சம்பளம் அந்த மாதங்களிலும் வந்தது.

ஆனால் இந்தக் கணக்கை வைத்து, செலவு கூடியதால்தான் வாடகை கூடுகிறது என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. தொடக்கத்தில் எனக்கும் அந்தக் குழப்பம் இருந்தது. லாட்ஜ் உயிரோடு இருக்க சீசன் வருமானம் ஏன் தேவை என்பதைத்தான் கணக்கு சொல்கிறது. வாடகையை ஏற்ற முடிவது வேறு காரணத்தால்: அன்றைக்கு இருபது ரூமுக்கு ஐம்பது குடும்பம் வாசலில் நிற்கிறது. கடனெல்லாம் அடைத்து முடித்த லாட்ஜும் டிசம்பர் 31க்கு அதே விலைதான் சொல்லும். கடனில் மூழ்கிய லாட்ஜும் ஆகஸ்டில் இறங்கித்தான் வர வேண்டும்.

அந்த ஐம்பது குடும்பமும் ஏன் ஒரே நாளில் வருகிறது? பள்ளிக்கூட நாட்காட்டியைப் பாருங்கள், பாதி பதில் அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்து மே மாதம் விடுமுறை. கேரளத்தில் ஏப்ரலும் மே மாதமும். வடக்கே பல மாநிலங்களில் மே, ஜூன். பிள்ளை படிக்கிற வீட்டில் பயணத் தேதியை முடிவு செய்வது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அப்படி நாளை மாற்ற முடியாதவர்கள் என்று ஹோட்டல்காரருக்கும் தெரியும். வாடகை ஏறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்றே சொல்வேன். கூட்டம் மட்டும் போதாது. அந்தக் கூட்டத்துக்கு வேறு நாள் இல்லாமல் இருக்க வேண்டும்.

கன்னியாகுமரிக்கு இன்னொரு பெரிய சீசன் பள்ளிக்கூடத்தால் வருவதில்லை. கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள், தரிசனம் முடித்து இந்தப் பக்கம் வந்து கடலில் குளித்துவிட்டுப் போவார்கள். மகரவிளக்கு முடியும் வரை ஊர் கறுப்பும் காவியும் நீலமுமாக இருக்கும். ஒரு குருசாமி வந்து "முப்பத்தஞ்சு சாமி, ஒரே ஹாலா வேணும்" என்று கேட்டால் ஏழெட்டு ரூம் ஒரே மூச்சில் போய்விடும். அதனால் எங்கள் ஊரில் உச்ச வாடகை கோடையைவிட நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரைதான். சீசன் என்பது ஊருக்கு ஊர் வேறு. குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன், ஜூலை; ஊட்டியில் மே.

பெரிய நகரத்துக்கு வருவோம். அங்கே இரண்டு விதமான ஆட்கள் ஒரே ரூமுக்குப் போட்டி போடுகிறார்கள். ஒருவர் ஊர் சுற்ற வருகிறவர். சொந்தக் காசு, விடுமுறை நாள். இன்னொருவர் வேலையாக வருகிறவர். கம்பெனி காசு, வார நாள். சென்னையில் கிண்டி, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் இருக்கிற ஹோட்டல்கள் இரண்டாவது ஆளை நம்பி நடப்பவை. அங்கே பல இடங்களில் செவ்வாய்க்கிழமை வாடகையைவிட ஞாயிற்றுக்கிழமை வாடகை குறைவாக இருக்கும். கன்னியாகுமரியில் பழகினவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

லண்டனில் ஜூலை மாதம் எல்லாம் ஒன்றாக வந்து விழுகிறது. அமெரிக்காவில் பள்ளிக்கூடம் ஜூனிலேயே அடைத்துவிடும், ஐரோப்பாவில் ஜூலை, ஆகஸ்ட். வளைகுடா நாட்டவர்கள் வெயிலுக்குத் தப்பித்து அங்கே போகிறார்கள். ஜூன் கடைசியில் சூரியன் அங்கே ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் மறைகிறது. மழையும் குளிரும் குறைந்த அந்த நாட்களில்தான் ஊரைச் சுற்றிப் பார்க்க முடியும். விம்பிள்டன் டென்னிஸும் அப்போதுதான். பிப்ரவரியில் ஐந்து, ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும் ஊருக்கு ஆசைப்பட்டு யார் குடும்பத்தோடு போகிறார்கள்? சித்தி பார்த்த இரண்டு விலைக்கும் நடுவே இவ்வளவு கதை இருக்கிறது.

கோடை வந்தாலே எல்லாப் பெரிய நகரத்திலும் விலை ஏறும் என்று சொல்லிவிடவும் முடியாது. பாரிஸில் ஆகஸ்ட் மாதம் ஊர்க்காரர்களே விடுமுறைக்கு வெளியே போய்விடுவார்கள். கண்காட்சி, ஃபேஷன் வாரம் என்று வியாபார ஆட்கள் வருவதும் நின்றுவிடும். அதனால் ஜூனையும் செப்டம்பரையும்விட ஆகஸ்டில் வாடகை தணிந்தே இருக்கும். நியூயார்க்கில் உச்சம் செப்டம்பரிலிருந்து கிறிஸ்துமஸ் வரை, ஜனவரியில் படுத்துவிடும். பாரிஸில் 2024 ஒலிம்பிக்ஸுக்கு ஹோட்டல்கள் முதலில் ஏகமாக விலை போட்டன. பயந்துபோய் வழக்கமான சுற்றுலாப் பயணிகள் அந்தப் பக்கமே வராமல் ஒதுங்க, போட்டி நெருங்கும்போது விலையை இறக்கினார்கள். தோவாளையிலும் இது நடக்கும்: விலை அதிகம் போகும் என்று எல்லோரும் பூவைக் கொண்டுவந்து கொட்டி, பத்து மணிக்குக் கூவிக் கூவி விற்கிற நாள் உண்டு. ஆனால் அகமதாபாத்தில் 2023 அக்டோபர் 14ஆம் தேதி உலகக் கோப்பை இந்தியா-பாகிஸ்தான் ஆட்டத்துக்கு வாடகை பல மடங்கு ஏறியது, இறங்கவில்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மைதானம். ஒதுங்கிப் போக வேறு தேதி கிடையாது.

நகரங்களில் ரூம் எண்ணிக்கையைச் சட்டமும் சில நேரம் சுருக்கிவிடும். நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், வீடுகளைச் சில நாள் வாடகைக்கு விடுவதற்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. ஊர்க்காரர்களுக்குக் குடியிருக்க வீடு கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. ஆனாலும் அந்த வீடுகளில் தங்கியிருக்க வேண்டியவர்கள் ஹோட்டல் பக்கம் திரும்புவார்கள், சாவிப் பலகை இன்னும் சீக்கிரம் காலியாகும்.

நம் நாட்டில் வரியும் ஒரு படி வைத்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் ரூமுக்கு வரியோடு 7,770. சீசன் என்று இருநூறு ரூபாய் ஏறி 7,600 ஆனால் வரியோடு 8,968. ஹோட்டல்காரர் ஏற்றியது 200, நம் பில்லில் ஏறியது 1,198. பெரிய நகரத்தில் ரூம் போடுகிறவர்கள் இந்த எல்லைக்கோட்டை நினைவில் வைத்திருங்கள். கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற விலையைப் பார்த்தால், ஹோட்டலுக்கு நேராகப் போன் செய்து குறைக்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. ஆன்லைன் தளங்களுக்கு ஹோட்டல்கள் நூற்றுக்குப் பதினைந்து, அதற்கு மேலும் கமிஷன் கொடுக்கின்றன. நேராக வருகிறவருக்கு அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க அவர்களுக்கு இடம் உண்டு.

எது நியாயம், எது நியாயமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்ட நாளில் கூடுதல் வாடகை கேட்பது என் கண்ணுக்குத் தவறில்லை. விலையை முன்கூட்டியே சொல்கிறார்கள்; வேண்டும் என்றால் எடுக்கலாம், வேண்டாம் என்றால் விடலாம். ஒப்புக்கொண்ட வாடகையை வந்து இறங்கிய பிறகு மாற்றுவது வேறு. ஒரு மே மாதம் வேறொரு பெரிய நகரத்தில் அம்மாவோடு போய் நின்றேன். இரண்டு வாரம் முன்பே அட்வான்ஸ் கட்டிய ரூம். "உங்க பேர்ல புக்கிங் காட்டலியே சார், இப்போ போட்டா இந்த ரேட்" என்று இரண்டு மடங்கு சொன்னார்கள். ராத்திரி பதினொன்றரை மணி. அம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் கட்டினேன். ரிசப்ஷனில் இருந்தவன் என்பதால் எனக்கு அது இன்னும் வலித்தது. எழுதி வைத்த பெயருக்கு ரூம் இல்லை என்று எங்கள் அண்ணாச்சி ஒரு நாளும் சொன்னதில்லை. டிசம்பர் 31 அன்று மூன்று மடங்கு கொடுக்கிறேன் என்று ஒருவர் மேசையில் காசை வைத்தபோதுகூட, "அது தூத்துக்குடி பார்ட்டிக்குச் சொன்ன ரூம்" என்று சாவியைக் கொடுக்கவில்லை. அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று.

சித்திக்கு நான் சொன்ன யோசனைகள் இவைதான். தேதியை ஒரு வாரம் முன்பின்னாக நகர்த்திப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் திறந்து செப்டம்பர் பாதி ஆகிவிட்டால் குடும்பக் கூட்டம் கலையும், பிள்ளைகளெல்லாம் வளர்ந்துவிட்ட சித்திக்கு ஜூலைதான் என்று என்ன கட்டாயம்? நகரத்து நடுவில்தான் தங்க வேண்டும் என்பதில்லை. கன்னியாகுமரியில் ரூம் கிடைக்காதபோது இருபது கிலோமீட்டர் தள்ளி நாகர்கோவிலில் தங்கி, காலையில் பஸ் பிடித்து வருகிறவர்கள் எத்தனை பேர்! ரயில் போகிற ஊர் என்றால் அங்கேயும் அப்படித்தான். ரத்து செய்தால் பணம் திரும்பும் என்ற ரூமை முதலில் போட்டு வைத்துக்கொண்டு, விலை இறங்கினால் மாற்றிக்கொள்ளலாம். நம் ஊர்ப் பயணம் என்றால், ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கிறது. டிக்கெட் கையில் வந்த அன்றைக்கே ரூமையும் போட்டுவிடுங்கள், ஏனென்றால் அதே ரயிலில் வரும் மற்றவர்களும் அதற்குப் பிறகுதான் தேட ஆரம்பிப்பார்கள்.

சித்திக்கு ஜூலைதான் வேண்டும். மகனுக்கு லீவு அப்போதுதான். கடைசியில் மகனே ஒரு வழி கண்டுபிடித்தான். லண்டனில் சில பல்கலைக்கழகங்கள், மாணவர்கள் ஊருக்குப் போய்விடும் கோடை விடுமுறையில் விடுதி ரூம்களை வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. படிக்கிற மேசை, சின்னக் கட்டில், ஜன்னல். ஹோட்டல் பகட்டு கிடையாது, வாடகை குறைவு. பத்து நாளைக்குப் பதிவு செய்துவிட்டான். மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை உண்டு என்று சொன்னதும் சித்தி வாடகை பேச்சையே விட்டுவிட்டார். "அப்போ புளியும் வத்தப்பொடியும் கட்டி எடுத்துட்டுப் போயிரட்டுமா மக்கா? மீன் அங்க என்ன விலை?"